மூன்றரை இஞ்சு

இன்று காலை ஏழாம் வகுப்பில் உன் கத்தரிக்கோலால் நாளிதழை வெட்டினேன். மெஷின் எண்ணெய் வாசம் இன்னும் அதன் பிடியில் இருக்கிறது. உனக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். பொறுமை என்பதே உனக்குக் கிடையாது, தெரியும். இருந்தாலும் கடைசியில்தான் சொல்வேன்.

அன்னவாசல் கடைத்தெருவில் நீ தையல் கடை வைத்திருந்தாய். நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். மூன்று பள்ளிகளில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். மூன்றிலும் "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். போர்டைப் பார்த்தே பேசுகிறேனாம், பிள்ளைகளைப் பார்ப்பதே இல்லையாம். நாலாவது இடமும் கைவிட்டால் டீச்சர் கனவை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று உன்னிடம் புலம்பினேன்.

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே நீ சொன்னாய்: "கடைக்குப் பின்னாடி எடம் சும்மாத்தானே கெடக்கு. சாயங்காலம் புள்ளைகளுக்கு டியூசன் எடு. வாயாவது பழகும்ல."

ஆறு பிள்ளைகள் வந்தார்கள். நான் சூத்திரம் சொல்ல, அவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்ல, எல்லாம் கச்சிதமாகப் போவதாக நினைத்தேன். ஒருநாள் வட்டத்தின் சுற்றளவு பாடம். மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாய்.

"டீச்சரு, வட்டமா விரியிற கொடைப் பாவாடை ஒண்ணு தைக்கணும். இடுப்பு இருவத்திரெண்டு இஞ்சு. துணிய நாலா மடிச்சு, மூலையிலருந்து எத்தன இஞ்சுல வெட்டணும்?"

பிள்ளைகள் விழித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போர்டில் விறுவிறுவென்று கணக்கைப் போட்டு, "ஏழு" என்றேன். பழைய நாளிதழ் ஒன்றை நாலாக மடித்து, மூலையிலிருந்து ஏழு இஞ்சு அளந்து, வளைவாக வெட்டி விரித்தாய். முன்வரிசையில் இருந்த ஒல்லிப் பெண்ணுக்குத் தலை வழியாக மாட்டினாய். அது இடுப்பில் நிற்காமல் நேரே காலடியில் போய் விழுந்தது.

"இதுக்குள்ள இவ அம்மாவும் சேந்து நிக்கலாம் டீச்சரு!"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்படியே கிளம்பிவிட்டேன். டியூசனாவது மண்ணாவது, இனி அந்தக் கடைப்பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் நீயே என் வீட்டுக்கு வந்தாய்.

"கோவமா? நான் இத்தன வருசமா இடுப்பளவ ஆறால வகுத்துத்தான் வெட்டுறேன். ஏன் ஆறுன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. நீ சொல்லுவேன்னுதான்டி கேட்டேன்."

என்னை மட்டம் தட்டக் கேட்டாய் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் முந்தின நாள் வெட்கத்தைவிடப் பெரியது. சாயங்காலமே கடைக்கு வந்து, உன்னைப் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சொன்னேன். நான் கண்டுபிடித்த ஏழு விட்டம். மடித்த மூலையிலிருந்து அளக்க வேண்டியதோ ஆரம், அதில் பாதி, மூன்றரை. ஆரத்தைப் போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போனால் சுற்றளவு. உன் ஆறு அங்கிருந்துதான் வந்தது. உன் புருவம் சுருங்கினால் மறுபடி சொன்னேன். விரிந்த பிறகுதான் அடுத்ததற்குப் போனேன். அன்று முழுக்க என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது போர்டுதான்.

அதன்பிறகு ஒரு வருடம் உன் கடையில் கிழியாத நாளிதழே கிடையாது.

நாலாவது மாதிரி வகுப்பு இலுப்பூர்ப் பக்கம். கைப்பையில் இரண்டு நாளிதழும் உன் கத்தரிக்கோலும். வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எங்க வேல பாத்தீங்க?"

"தையக் கடையில சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "திங்கக்கெழமை வந்துருங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கி உன் கடைக்கு ஓடிவந்தேன். நீ தெருவில் நின்று, "எங்க டீச்சருக்கு வேல கெடச்சிருச்சு!" என்று போட்ட சத்தத்தில், டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸோடு வெளியே வந்துவிட்டார்.

நீ காய்ச்சலில் போய் ஒன்பது மாதம் ஆகிறது. காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரர் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது ஒங்ககிட்டதான் இருக்கணும்னு சொல்லிட்டுப் போனா," என்றார். வாங்கிக்கொண்டு அழுதேன். நீ பார்த்திருந்தால் கேலி செய்திருப்பாய்.

இப்போது அந்தச் செய்தி. வருடா வருடம் இந்தப் பாடத்தில் வேண்டுமென்றே ஏழு இஞ்சில் வெட்டுவேன். காகிதம் கீழே விழும், பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பிறகு நானே விளக்குவேன். இன்று அதற்கு வேலை வரவில்லை. சிரிப்பு அடங்கும் முன்பே கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்துவிட்டாள்.

"டீச்சர், மூணரையில வெட்டணும். நீங்க விட்டத்தப் போட்டுட்டீங்க."

எனக்கு ஒரு நாள் பிடித்தது. அவளுக்கு அரை நிமிடம். உன் கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்து, "நீயே வெட்டிக் காட்டு" என்றேன். வெட்டினாள். காகிதம் அவள் இடுப்பில் கச்சிதமாக நின்றது.