விசுவாசக் குறைச்சல்

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து கார் வரை நடப்பதற்குள் மூன்று பேர் “பாசிட்டிவ்வா இருங்க” என்றார்கள். இருக்கிறேன். இருந்து இருந்து அலுத்துவிட்டது. கெட்டுப்போன கிட்னிக்கு ஓய்வு கிடையாது, சரி. இந்தச் சிரித்த முகத்துக்காவது ஒருநாள் லீவு கொடுக்கக்கூடாதா?

செப்டம்பர் 12, வியாழன்

டாக்டர் பத்மநாபன் சுற்றி வளைக்கவில்லை. “இனிமே தள்ளிப்போடாதீங்கம்மா.” டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன். செய்தாலும் ஊசி போடும் அளவுக்குப் பக்குவப்பட மாதங்கள் ஆகுமாம். இருபத்து நான்காம் தேதி கொடுத்திருக்கிறார்கள். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் உடனே போனில் குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பெண்கள் ஐக்கியத் தலைவி தனபாக்கியம் ஆன்ட்டி எனக்காக உபவாச ஜெபம் ஆரம்பிக்கிறார். தினமும் காலையில், ஜூமில். “கத்தி வைக்காமலே கர்த்தர் சுகம் தருவாரு, கிருபா. நவம்பர்ல ஸ்தோத்திர ஞாயித்துக்கிழமை சபை முன்னால நீதான் சாட்சி சொல்லணும்.” ஆபரேஷன் தேதியைச் சொன்னேன். “ஜெபமும் பண்ணிக்கிட்டு தேதியும் வச்சுக்கிட்டா, அது விசுவாசக் குறைச்சல் இல்லையா?” சுற்றிலும் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். தலையாட்டிவிட்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டேன். இவர் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவிய சத்தமே போதும்.

செப்டம்பர் 30, திங்கள்

ஆன்ட்டி எடிசனில் இருக்கும் இந்தியக் கடையிலிருந்து இளநீர் வாங்கி வந்தார். அதன்மேல் கை வைத்து ஜெபித்துவிட்டு நீட்டினார். “சூடு தணியும். கிட்னியை அப்படியே கழுவி விட்டுடும்.” நான் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். இளநீர் முழுக்கப் பொட்டாசியம். கெட்ட கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுபோகும். எல்லாம் தெரியும். ஆனால் ஜெபித்துக் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது? குடித்தேன். வெள்ளிக்கிழமையும் கொண்டுவருகிறாராம்.

அக்டோபர் 9, புதன்

காலில் பலமே இல்லை. உபவாசக் களைப்பு என்கிறார் ஆன்ட்டி. உபவாசம் இருப்பது அவர்கள், களைப்பு எனக்கா?

இன்றும் ஒரு இளநீர்.

அக்டோபர் 13, ஞாயிறு, ஆஸ்பத்திரி

வியாழக்கிழமை காலை மாடிப்படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மகள் ரெனிஷாதான் ஆம்புலன்ஸுக்கு 911 கூப்பிட்டாள், காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண். ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழைத் தாண்டிவிட்டதாம். கழுத்தடியில் அவசரமாகக் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள்.

ரெனிஷா கட்டில் பக்கத்தில் அழுதுகொண்டே ஒன்றையே சொன்னாள். “யூ நியூ, அம்மா. யூ நியூ.”

ஆமாடி, தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சேன். ஆன்ட்டி மனசு நோகக்கூடாதுன்னு குடிச்சேன். கர்த்தர் கோச்சுக்குவாரோன்னு குடிச்சேன். இளநீர் வேண்டாம்னு சொன்னா கோச்சுக்கிறவரா அவர்? இத்தனை வருஷத்துல அவரைப் பத்தி நான் என்னதான் தெரிஞ்சு வச்சிருக்கேன்?

அக்டோபர் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது.

நவம்பர் 7, வியாழன்

கையில் ஆபரேஷன் முடிந்தது. செப்டம்பரிலேயே முடிந்திருக்க வேண்டியது.

நவம்பர் 24, ஞாயிறு

ஸ்தோத்திர ஆராதனை. போகவில்லை. இவர் மட்டும் போய்விட்டு வந்தார். யார் சாட்சி சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

இவருக்கு ஆபீஸில் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. டயாலிசிஸுக்கு டாக்ஸி கூப்பிட இருந்தேன், வாசலில் ஆன்ட்டியின் கார். “செவ்வாய், வியாழன், சனி நான் டிரைவ் பண்றேன்.” வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், “எனக்குத் தெரியாம போச்சு, கிருபா. தெரிஞ்சிருந்தா கொடுத்திருப்பேனா?” என்றார். எனக்குத் தெரியுமே ஆன்ட்டி, நான் சொல்லியிருக்கலாமே என்றேன். வழி முழுக்க இரண்டு பேரும் ஹீட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனோம்.

ஜனவரி 11, சனி

பனி. ஆன்ட்டி வந்தார். களைப்பு.

பிப்ரவரி 18, செவ்வாய்

கை பக்குவமாகிவிட்டது. கழுத்தடிக் குழாய்க்குப் பதில் இன்று முதல்முறையாகக் கையிலேயே ஊசி. அந்த ஊசியின் பருமனைப் பார்த்ததிலிருந்து எனக்கு உதறல்தான்.

பார்க்கிங்கில் என்ஜினை அணைத்துவிட்டு ஆன்ட்டி கேட்டார்: “இன்னைக்கு என்னன்னு ஜெபம் பண்ணட்டும்?” முன்பெல்லாம் இப்படிக் கேட்டதே இல்லை. கொஞ்சம் யோசித்து, “ஊசி ஒரே குத்துல ஏறணும்னு பண்ணுங்க ஆன்ட்டி” என்றேன். அதை மட்டும்தான் பண்ணினார். சுகம், அற்புதம், சாட்சி எதுவும் இல்லை. ஆமென் என்று என் வாய் தானாகச் சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு இதுதான் முதல் ஆமென்.

நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்ததும், “எப்படி ஏறுச்சு?” என்றார்.

“மூணாவது குத்துல.”

சீட் பெல்ட்டை எனக்குப் போட்டுவிட்டார். “சரி, வியாழக்கிழமையும் அதையே கேப்போம்.”

கேப்போம் ஆன்ட்டி என்றேன்.