பள்ளிக்கூடப் பலகைக்கு வைத்த பொட்டு

அன்பு மகன் சூரியபிரகாசுக்கும் மருமகள் சொர்ணலதாவுக்கும் அப்பன் மலைச்சாமி சொல்லச் சொல்ல உன் அக்கா பாண்டியம்மாள் எழுதுவது. இங்கன நான், அக்கா, உன் மகள் சுபாஸ்ரீ மூன்று பேரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீங்கள் ரெண்டு பேரும் அதேபோல இருக்க வீரபாண்டி கௌமாரியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்ல வேண்டியதை அப்பன் எழுதி அனுப்புகிறானே என்று நினைக்காதே. போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ சரி சரி என்கிறாய், பாதியில் லைன் போய்விடுகிறது, மிச்சம் என் வயிற்றிலேயே கிடக்கிறது. அக்கா இதை எழுதிப் படம் பிடித்து உன் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவாள், நிதானமாகப் படி. திராட்சைக் கொடிக்குக் கவாத்து முடிந்தது, இந்தத் தடவை துளிர் நன்றாக வந்திருக்கிறது. கிழக்குப் பக்கத்துப் பந்தல் கல்லு ஒன்று சாய்ந்து போனதை நிமிர்த்தி வைத்தாயிற்று. கறுப்புப் பசு சினையாக இருக்கிறது.

நீ என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தாய். தேனிப் பக்கம் இருக்கிற அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தையும் பாருங்க, நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விரலால் தொட்டால் படம் காட்டுகிற புதுப் போர்டு மாட்டியிருக்கிறதாகச் சொல்கிறார்களே அதையும் பாருங்க, சுபாஸ்ரீயை நாலாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் போடுவதா இங்கனயே விடுவதா என்று உங்க வாயால் சொல்லுங்க என்றாய். எழுதப் படிக்கத் தெரியாதவனைப் போய்ப் பள்ளிக்கூடம் பார்க்கச் சொல்கிறானே என்று அக்கா சிரித்தாள். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண் தெரியும், பார்த்ததும் கேட்டதும் மறக்காது. ரெண்டையும் பார்த்துவிட்டேன், பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன்.

முதலில் தேனிப் பள்ளிக்கூடம். பெற்றோர் வந்து பார்க்கிற நாள் என்று கூப்பிட்டிருந்தார்கள், போனேன். வாசலில் குளிர்ந்த மோர் கொடுத்து மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் சுவர் அகலத்துக்குப் போர்டு. ஒன்றில் மனுசன் நெஞ்சுக்குள் இருக்கிற இருதயம் சுருங்கி விரிகிறது, ரத்தம் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகிறது என்று சிவப்பும் நீலமுமாகத் தெரிகிறது. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள், இங்கிலீசு தண்ணீராக ஓடுகிறது. இப்படி நம்ம பிள்ளை பேசினால் எப்படி இருக்கும் என்று எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. வெயிலுக்குப் பயந்து நான் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன், அடுத்த கூட்டம் உள்ளே வந்தது. அதே கேள்வி, அதே பிள்ளை எழுந்தது, முன்னே எந்த இடத்தில் நிறுத்தி மேலே பார்த்து யோசித்ததோ அதே இடத்தில் நிறுத்தி மேலே பார்த்து யோசித்து அதே பதிலைச் சொன்னது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாமும்தான் நல்ல சேலையைக் கட்டி நிறுத்துகிறோம். பிள்ளை அங்கே தினமும் எப்படிப் படிக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம ஊரில். போர்டு ஒன்றுதான், மூன்றாம் வகுப்பு அறையில் மாட்டியிருந்தது. கல்வி அதிகாரி அம்மா வருகிறார்கள், பெற்றோர் எல்லாரும் வரவேண்டும் என்று கிருபாவதி டீச்சர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனது. அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் உன்னைப் போலத்தான், பார்த்துவிட்டு, வேன் வந்து ஏற்றிப் போகிற தனியார் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாமா என்ற யோசனையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். புது சாமான் என்றால் நம்ம ஊரில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும், மோட்டார் இறக்கினாலும் டிராக்டர் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் சாவியைத் தொட மாட்டோம். நம்ம ஒச்சாண்டி, முன்னே வார்டு மெம்பராக இருந்தவன், கிண்ணத்தோடு வந்துவிட்டான். கண்ணாடியின் ஓரத்தில் நாலு மூலைக்கும் நாலு, நெற்றிப் பக்கம் ஒன்று, கட்டை விரலால் அள்ளி அப்பினான். டீச்சர் வேதக்காரப் பிள்ளை, தேவாலயத்துக்குப் போகிறது, அது ஒன்றும் சொல்லவில்லை, ஒதுங்கி நின்று இடம் விட்டது.

அதிகாரி அம்மா வந்து உட்கார்ந்ததும் டீச்சர் போர்டைத் தொட்டது. தொட்டது ஒன்று, திறந்தது ஒன்று. படம் தானாகப் பெரிசாகிறது, தானாக மூடுகிறது, கோடு தானாக விழுகிறது. முந்தின நாள் வரைக்கும் சொன்னதைக் கேட்ட போர்டு. டீச்சருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. பின்னால் இருந்து ஒருத்தி, போர்டுக்கு அருள் வந்துருச்சு போல டீச்சர், வேப்பிலை கொண்டாரவா என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, சுபாஸ்ரீ முன்வரிசையில் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் போர்டு மாட்டின ஆளுக்குப் போன் போட்டது. அவன் கேட்டது எங்களுக்கும் கேட்டது, கண்ணாடி ஓரத்தில் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்றான். ஒட்டியிருப்பதை எல்லாம் அது விரல் என்று நினைத்துக்கொள்ளுமாம். அஞ்சு பேர் ஓயாமல் அழுத்திக்கொண்டே நின்றால் ஆறாவது ஆள் சொல்வதை எப்படிக் கேட்கும். துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றான்.

துடைக்கத்தான் ஆள் இல்லை. டீச்சர் துணியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றது. அது துடைத்தால் நாளைக்கு ஊரில் என்ன பேச்சு வரும் என்று அதுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒச்சாண்டி எழுந்து, "வச்ச பொட்ட அழிக்கிறதாவது, வேற வழி பாருங்க டீச்சர்" என்றான். பொம்பளைகள் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை, நல்ல நாளில் பொட்டை அழித்த கை என்று யார் பெயர் வாங்குவது. அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வேன் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற நினைத்தவர்களுக்கு அந்த நேரமே முடிவு வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. எனக்கும் மனசு விட்டுப்போனது, உன்னிடம் ஹாஸ்டலிலேயே போடு என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்றுதான் நினைத்தேன்.

அப்போது சத்துணவுக் கூடத்தில் இருந்து உன் அக்கா வந்தாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன். சமைத்துக்கொண்டிருந்தவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராகப் போய் டீச்சர் கையில் இருந்த துணியை வாங்கினாள். ஒச்சாண்டி, ஏத்தா வேண்டாம் என்றான். "எனக்கு அழியவேண்டியது அழிஞ்சு எட்டு வருசம் ஆச்சு சித்தப்பா, இது கண்ணாடிதான" என்று அவனைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். சொல்லிக்கொண்டே அஞ்சையும் துடைத்தாள், தண்ணீர் தொட்டு இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து ஒச்சாண்டி கையில் கொடுத்து, செவுத்துல வைங்க சித்தப்பா, சாமி அங்கன இருந்தும் பாக்கும் என்றாள். அவனும் போர்டுக்கு மேலே வெள்ளைச் சுவரில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் திரும்பிச் சமைக்கப் போய்விட்டாள். உன் மச்சான் போன நாளில் இருந்து எந்த விசேச வீட்டிலும் முன்னால் வந்து நிற்காதவள்.

போர்டு சொன்னதைக் கேட்டது. டீச்சர் நம்ம பள்ளத்தாக்கை வானத்தில் இருந்து பார்க்கிற மாதிரி காட்டியது, மலை, ஆறு, நம்ம ஊர்த் தென்னந்தோப்பு வரைக்கும் தெரிந்தது. நம்ம வயலுக்குத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, விரலால் கோடு போடு என்று சுபாஸ்ரீயைக் கூப்பிட்டது. உன் மகள் போய் வைகை அணையில் விரலை வைத்து அங்கே இருந்து நம்ம ஊருக்குக் கோடு இழுத்துவிட்டது. போன மாசம் வைகை அணைக்குச் சுற்றுலா போய் அவ்வளவு தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தது அல்லவா, அதனால் வந்த நினைப்பு. அணை நமக்குக் கீழே அல்லவா, பெற்றவர்கள் பக்கம் சிரிப்பு. அதிகாரிக்கு முன்னால் தப்பு வந்துவிட்டதே என்று டீச்சர் பதறவில்லை, வேறு பிள்ளையைக் கூப்பிடவும் இல்லை. படத்தைப் பெரிசாக்கி, ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போ, எங்கே போய் முடிகிறது பார் என்றது. பிள்ளை விரலால் தடவிக்கொண்டே தேனி, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலை வரைக்கும் போனது. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தது, அணையைப் பார்த்தது. பிறகு டீச்சரிடம், "அப்ப நம்ம தண்ணி மிச்சத்தத்தான் அங்கன போய் வேடிக்க பாத்துட்டு வந்தமா டீச்சர்" என்று கேட்டது. அதிகாரி அம்மாவே வாய் விட்டுச் சிரித்துவிட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. நம்ம பள்ளிக்கூடத்தில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே டீச்சர் ரெண்டு வகுப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறது, கரண்டு போனால் போர்டு வெறும் கண்ணாடி, இங்கிலீசு அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதி கூட வராது. ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டு அங்கேயே நின்று கண்டுபிடிக்கிற இடத்தில் என் பேத்தியைப் பார்த்தேன். பேத்தி போனால் வீடு வெறிச்சென்று இருக்கும், அதனால் கிழவன் பிடித்து வைக்கப் பார்க்கிறான் என்று நீ நினைப்பாய். அதிலும் பாதி நிஜம்தான், இல்லை என்று சொல்லவில்லை, மற்றப் பாதியைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

நேற்றுத் தேனிப் பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது, இடத்தை வைத்திருக்கட்டுமா என்று கேட்டார்கள். உன்னைக் கேட்காமலே, வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்க என்று சொல்லிவிட்டேன். இது இந்த நிமிசம் வரைக்கும் அக்காவுக்கும் தெரியாது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். என் வாயால் சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என்னிடம் பேசு, பிள்ளையிடமும் அக்காவிடமும் கேட்காதே.

மருமகளை ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையோடு இங்கிலீசிலேயே பேசச் சொல், அந்தக் குறையை நீங்கள்தான் அடைக்க வேண்டும். வெயிலில் நின்று வேலை பார்க்கிறாய், மோர் இல்லை என்றால் உப்புப் போட்ட தண்ணீராவது குடி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நீடூழி நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பன் மலைச்சாமி, இடது கைப் பெருவிரல் நாட்டு.
கை எழுத்து: அக்கா பாண்டியம்மாள்.