உமைச்சி பெயர்த்த கல்

நலம் நிறைக. ஈர்ங்குன்ற நாட்டைத் தன் குடைக்கீழ்க் குளிரக் காக்கும் கோமான் மாறவேளின் திருவடிகளுக்கு, ஆம்பற்குடியின் நீர்க்கண்காணியும், தன் குடியில் முதன்முதலாக எழுத்தறிந்தவளும், சுற்றி வளைத்துப் பேச அறியாதவளுமான நாகலை விடுக்கும் ஓலை. தலைநகரும் அதன் மக்களும் நலமே வாழ்க. நம் வழக்கப்படி, எழுதும் ஊரின் மண்ணையே, நீர் கலவாமல், இதற்கு முத்திரையாக இட்டிருக்கிறாள்.

முன்னொரு மழையில் இவ்வூர்ச் சாயத்தார் தெருச் சேற்றில் கோமானின் தேர் புதைந்ததும், தெருவார் தோள்கொடுத்துத் தூக்கியதும், உளம் மகிழ்ந்த கோமான் அத்தெருவுக்குச் சுவரோடு சுவர் சேரக் கல்தளம் இட்டுத் தந்ததும் நினைவிருக்கும். அந்த அன்பில் குறையில்லை. தெருவார் இன்றும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அதன்மேல் நடக்கிறார்கள். ஆனால் பெய்யும் மழையெல்லாம் கல்மேல் வழுக்கி ஆற்றுக்கு ஓடுகிறது. மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் தெருக்கிணறு வற்றிப்போயிற்று. கயிற்றை நீட்டி நீட்டிக் கட்டினார்களே தவிர, கோமானின் பரிசைக் குறைசொல்ல ஒருவருக்கும் வாய் எழவில்லை.

சாயம் தோய்க்கும் உமைச்சி மட்டும் கிணற்றோரக் கல் ஒன்றைக் கடப்பாரையால் பெயர்த்துப் போட்டாள். அரசப் பரிசை அவமதித்தாள் என்று ஊர்த்தலைவர் அவளைச் சிறையிட்டு, நாடுகடத்தவும் தீர்ப்பளித்தார். நன்றிகெட்டவளே என்று அவர் சபையில் ஏச, “ராசா குடுத்த கல்ல எடுத்தேன், சரிங்கய்யா. எங்க பாட்டன் வெட்டின கெணத்த யாரு எடுத்தா?” என்று அவள் கேட்டாளாம். தலைவர் அடுத்த வழக்கை அழைத்தாராம். பதில் அவருக்குத் தெரியாததல்ல, சொல்லத்தான் அச்சம்.

இதை எழுதுமுன் முத்திரைக்கு மண்ணெடுக்க நாகலை அத்தெருவுக்குப் போனாள். ஐப்பசி அடைமழை. ஒரு கல்லை நெம்பி அடிமண்ணை அள்ளினாள், புழுதியாய் உதிர்ந்தது. அடுத்த கல்லை நெம்பினாள், அதுவும் புழுதி. உமைச்சி பெயர்த்த பள்ளத்து மண்தான் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. கோமான் சற்றுமுன் உடைத்த முத்திரை அந்த மண்.

நீர்க்கண்காணிக்கு உள்ள உரிமையால் தண்டனையை நிறுத்தி வைத்திருக்கிறாள். கிணற்றைச் சுற்றிய கற்களைப் பெயர்க்கவும் உமைச்சியை விடுவிக்கவும் ஆணை வருக. வாராதெனில், பரிசுக்கல்லைப் பெயர்த்தவர் இப்போது இருவர். நாடுகடத்தும் வண்டியில் நாகலைக்கும் இடம் வைக்கச் சொல்லுக.

வானம் பெய்க, பெய்தது மண்சேர்க.

ஆம்பற்குடி ஈரமண் முத்திரை.