வெள்ளைச் சேலை உடுத்தவள் எழுதுவது

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
15.06.2025

மதிப்புக்குரிய கமலாம்பிகை மச்சாளுக்கு,

ஜெகதீஸ்வரி எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் ஒரு தரம் வாசித்துவிட்டுக் கிழியுங்கள். நான் எடுத்தால் நீங்கள் தொலைபேசியைத் தூக்குவதில்லை. வட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருப்பதாக மகள் ஹம்சிகா சொன்னாள். அதனால்தான் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பேனை பிடித்திருக்கிறேன். கனகசபாபதி அண்ணர் புதன்கிழமை ரொறன்ரோ வருகிறார். இந்தக் கடிதத்தையும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். தூள் வருகிறதே, இவள் சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைக்க வேண்டாம். அது சித்திரையிலே நான் தருவதாகச் சொன்னது. சொன்ன சொல்லுக்காக அனுப்புகிறேன். கோபம் அப்படியே இருக்கிறது.

முதலில் உங்கள் தம்பியின் சுகம். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. காலையிலும் பின்னேரமும் கடற்கரைப் பக்கம் மெல்ல நடக்கிறார். உப்பில்லாத கறியைத் திட்டித் திட்டிச் சாப்பிடுகிறார். திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதென்று நான் பேசாமல் பரிமாறுகிறேன். மருந்துகளை ஹம்சிகா வேலைக்குப் போகமுன் எடுத்துவைக்கிறாள். நீங்கள் அவரைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

இனி என்னுடைய விஷயம். தேர்தலன்று நான் வெள்ளைச் சேலை உடுத்தபடியால்தான் உங்கள் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தது, புருஷன் இருக்கும்போதே கைம்பெண் கோலம் போட்டு அவரைத் தின்னப் பார்த்தவள் என்று தெஹிவளைக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் யாருக்கு? ஹம்சிகாவை ஆவணியில் கட்டப்போகிற பிரியந்தனின் தாய் உஷாந்திக்கு. என்னைத் திட்டுவதென்றால் என்னையே திட்டியிருக்கலாம். என் பிள்ளையின் கலியாண வாசலில் போய் நின்று ஏன் திட்டினீர்கள்?

நீங்கள் முகநூலில் கண்டது ஒரு படம். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் மாடிக் கட்டடத்தில் மூன்றாம் தட்டில் பர்ஹா என்று ஒரு சட்டத்தரணி இருக்கிறா. நல்ல பிள்ளை. மாநகரசபைத் தேர்தலுக்கு இங்கேயுள்ள பெண்கள் எல்லாரும் சேர்ந்து நடந்து போவோம் என்று சொன்னது அவதான். வெளிநாடுகளில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன பெண்கள் வெள்ளை உடுத்தார்களாம். இந்த நாட்டிலும் பெண்கள் சிலர் ஆணைக்குழுவுக்கு முன்னால் போய்க் கேட்டுத்தான் 1931இல் வாக்குக் கிடைத்ததாம். அவர்களை நினைத்து நாங்களும் வெள்ளை உடுப்போம் என்றா. யாழ்ப்பாணத்தில் அந்த முதல் தேர்தலையே பகிஷ்கரித்தபடியால் எங்கள் ஊர்ப் பெண்கள் முதல் வாக்குப் போட இன்னும் பொறுத்திருக்க வேண்டி வந்ததென்றும் சொன்னா. பகிஷ்கரிப்பமா என்று அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு என் கதையே ஞாபகம் வந்தது.

என் கதை உங்களுக்குத் தெரியாது. சண்டைக் காலத்தில் உங்கள் தம்பி என் பெயரை வாக்காளர் இடாப்பில் போடவில்லை. கடதாசியில் பெயர் இருந்தால் பொலிஸ் தேடிவரும் என்றார். அது அந்தக் காலத்துக்குச் சரி, நானும் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை முடிந்தது. பிறகும் போடவில்லை. கேட்டபோதெல்லாம், “நான் போடுற வோட்டு ரெண்டு பேருக்கும் காணும்” என்று சிரித்தார். போன வருஷம் ஹம்சிகாதான் கிராம சேவகரிடம் போய் என் பெயரைப் பதிந்தாள். ஐம்பத்துநாலு வயதில் என் முதல் வாக்கு, மச்சாள். அதற்கு ஒரு புதுச் சேலை உடுக்க எனக்கு ஆசை வந்தது. காலி வீதிக் கடையில் ஊதாக் கரை போட்ட வெள்ளை நூல்சேலை ஒன்று எடுத்தேன். நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

பர்ஹாவுக்கும் வீட்டில் பேச்சு விழுந்ததுதான். அவவின் உம்மா, “புருஷன் மவுத்தாகி இத்தாவுல இருக்கிற பொம்புளை உடுக்கிறத நீ ஏன் உடுக்கிறாய்” என்று கதவடியில் நின்று ஏசினா. ஆனால் அந்த உம்மா நாலு பேரைக் கூப்பிட்டு மகளைக் கொலைகாரி என்று சொல்லவில்லை.

உங்கள் தம்பி என்னைக் கண்டதும் பேப்பரை மடித்து வைத்தார். “என்னப்பா இது கோலம்? நான் இன்னும் சாகேல்லை. போய் மாத்திக்கொண்டு வா” என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். “அப்ப நான் சொல்லுறது உனக்கு ஒண்டுமில்லை” என்றார். “நீங்கள் சொல்லுறது எல்லாம் இவ்வளவு காலமும் கேட்டனான். இண்டைக்கு மட்டும் விடுங்கோ” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டேன். அவர் தனியாகப் பிறகு போய் வாக்குப் போட்டிருக்கிறார்.

வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூட வாசலில் ஒரு பொலிஸ்காரர், புத்தரின் வெசாக் பெருநாள் கிட்ட வந்தபடியால், வெள்ளை உடுத்து விகாரைக்குச் சில் விரதம் எடுக்கப் போகிற அம்மாமார் வழிமாறி வந்துவிட்டோம் என்று நினைத்து வழி சொல்லப் பார்த்தார். “நே மஹத்தயா, சந்தே தான்ன” என்று பர்ஹா சிங்களத்தில் சொல்ல, வாக்குப் போடவா என்று சிரித்துக்கொண்டு விலகி நின்றார். உள்ளே ஒரு பெண் அலுவலர் என் பெயரைச் சத்தமாக வாசித்தா. சின்னி விரலில் மை பூசினா. வெளியே வந்து எல்லாரும் நின்று படம் எடுத்தோம். நடந்தது இவ்வளவுதான்.

அன்று பின்னேரமே நீங்கள் போன் எடுத்துக் கத்தினீர்கள். உங்கள் தம்பி போனின் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். எனக்காக ஒரு சொல் சொல்லவில்லை. நீங்கள் போனை வைத்ததும் நான் சமைக்கப் போய்விட்டேன்.

அந்தக் கிழமை முடியமுன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. மரக்கறிப் பையோடு படியேறி வந்தவர் எங்கள் வாசலில் குந்திவிட்டார். நானும் ஹம்சிகாவும் கைத்தாங்கலாக இறக்கினோம். பர்ஹாதான் காரை ஓட்டினா. போகிற வழியெல்லாம் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குழாய் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது, சிகரெட்டும் சீனியும் செய்த வேலை என்று டொக்டர் என்னையும் ஹம்சிகாவையும் இருத்திவைத்துச் சொன்னார். அதை ஹம்சிகா உங்களுக்கு அப்படியே சொன்னாள். நீங்கள் கேட்கவில்லை. அவரோடு கதைக்க வேண்டுமென்று போனை அவர் காதில் வைக்கச் சொன்னீர்கள். பிள்ளை வைத்தாள். “அவளை உனக்குக் கிட்ட விடாதை தம்பி” என்று நீங்கள் சொன்னது பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு நான் உள்ளே போனபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் நின்றால் காணும் என்று தாதியிடம் சொல்லிவிட்டார். முப்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நடைபாதைக் கதிரையில் இருந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர் என்னைக் கடந்துதான் உள்ளே போனார்கள். சிலர் நின்று கதைத்தார்கள். சிலர் என் உடுப்பை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு போனார்கள். அன்று நான் உடுத்திருந்தது பச்சை.

உஷாந்தி வந்தது அப்போதுதான். கையில் ஒரு சிவப்புச் சேலையும் பிள்ளையார் கோயில் குங்குமமும். “குறை நினையாதேங்கோ. கமலாம்பிகை அக்கா சொன்னவா. இதை உடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால நில்லுங்கோ. எங்கட வீட்டுக்காரருக்கும் மனசு ஒரு மாதிரி இருக்கு, நல்ல காரியம் வருகுது” என்றா. எனக்குப் பற்றி எரிந்தது. ஆனால் வருகிற நல்ல காரியம் என் பிள்ளையுடையது. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில், ஈரத்தில் கரை படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புச் சேலையை உடுத்தேன் மச்சாள். குங்குமத்தையும் அள்ளி வைத்தேன். கண்ணாடியில் கூத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தேன்.

உள்ளே போய் நின்றேன். உங்கள் தம்பி பார்த்தார். “இப்ப பயம் வந்திட்டுதோ?” என்றார். குரல் எழும்பவில்லை, ஆனால் குத்தல் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. “ஓம், வந்திட்டுது. நீங்கள் படியில குந்தினபோதே வந்திட்டுது. உங்களுக்கு ஏதும் நடந்திடுமெண்டு பயந்தனான். சேலைக்குப் பயப்பிடேல்லை. இனியும் பயப்பிட மாட்டன். அடுத்த தேர்தலுக்கும் அதைத்தான் உடுப்பன்” என்றேன். தாதிப்பிள்ளை என்னைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தண்ணீர் கேட்டார். நான் பருக்கினேன். குடித்தார். அவ்வளவுதான். மன்னிப்பு நான் கேட்கவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. வெள்ளைச் சேலையை யாருக்காவது கொடுத்துவிடு என்று வீட்டுக்கு வந்த அன்று சொன்னார். கொடுக்கவில்லை. அது அலுமாரியில் இருக்கிறது. அவர் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

சிவப்புச் சேலையைத் தோய்த்து, அழுத்தி, உஷாந்தி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கும்போது அவவின் முகம் கறுத்தது. பிரியந்தன் பின்னாலே வந்து, “மாமி, எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் யோசியாதேங்கோ” என்று ஓட்டோவில் ஏற்றிவிட்டான். கலியாணம் நிற்காது. நிற்கக்கூடும் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் தேர்தலன்று பின்னேரம், கடைசியாக நீங்கள் என்னோடு கதைத்தபோது கேட்ட ஒன்றை விட்டுவிட முடியவில்லை. “எனக்கு இருபத்தொம்பது வயசில அழ அழ உடுத்திவிட்ட சீலையை நீ படம் எடுக்க உடுத்தனியோ?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு கதைக்கவேயில்லை.

அந்த நேரம் நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரை ஆமிக்காரர் ரோட்டில் சுட்டுக் கொன்றதும், உங்களைக் கிணற்றடியில் இருத்திச் சேலை மாற்றியதும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என் கலியாணத்தன்று நீங்கள் அறைக்குள்ளேயே இருந்தீர்கள் என்பதும் அடுத்த நாள்தான் எனக்குத் தெரியவந்தது. “அவள் இப்ப முன்னுக்கு வரப்படாது” என்று உங்கள் அம்மா, என் மாமி, சொன்னாவாம். உங்கள் தம்பியின் கலியாணம். நீங்கள் வளர்த்த தம்பி.

நீங்கள் கேட்டது எனக்கு நோகத்தான் செய்தது. ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்கு அந்த வெள்ளையை உடுத்திவிட்டது நான் இல்லை. உடுக்கிறாயா என்று உங்களை ஒருவரும் கேட்கவில்லை. நான் உடுத்ததை மாற்று என்று என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிற கட்டளைதானே, மச்சாள். நீங்கள் ஏன் அந்தப் பக்கம் போய் நின்றீர்கள்? நீங்கள் கனடாக் குடியுரிமை எடுத்த பிறகு பனிக்குள் நடந்து போய் வாக்குப் போட்டுவிட்டு எனக்குத்தான் முதலில் எடுத்தீர்கள். “ஜெகா, அந்த வெள்ளைக்காரப் பிள்ளை என்ர பேரைக் கேட்டு, எனக்கு எழும்பி நிண்டு நன்றி சொன்னவள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அன்று இருந்த கமலாம்பிகையோடுதான் எனக்குக் கதைக்க வேண்டும்.

என் கோபம் தீர ஒரு வழியும் தெரியவில்லை. நீங்கள் சொன்னதை நான் மறக்கமாட்டேன். என் பிள்ளையின் தகப்பன் சாகவேண்டுமென்று நான் நினைத்தேன் என்று சொன்னவர் நீங்கள். உங்களுக்கும் என்னில் கோபம் அப்படியே இருக்கும். இருக்கட்டும்.

கலியாணம் ஆவணி பதினைந்துக்குப் பிறகு, நாள் வைத்ததும் ஹம்சிகா அறிவிப்பாள். நீங்கள் வரவேண்டும். வந்து மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் இருக்கக்கூடாது. தாலி கட்டி முடிந்ததும் பிள்ளைகளுக்கு முதல் ஆலாத்தி நீங்கள்தான் எடுக்கவேண்டும். உஷாந்தி முகத்தைச் சுளிப்பா. ஐயர் ஏதும் சொல்லுவார். உங்கள் தம்பியும் சொல்லக்கூடும். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு இப்போது பழகிவிட்டது. எந்த நிறம் உடுக்கிறது என்று உங்களிடம் ஒருவரும் சொல்லமாட்டார்கள். என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால் கதைக்க வேண்டாம்.

ஆலாத்தித் தட்டை நான் உங்கள் கையில் தருவேன். அதை மட்டும் வாங்குங்கள்.

முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசி, உடம்பைக் கவனமாகப் பாருங்கள். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
ஜெகதீஸ்வரி சுந்தரலிங்கம்