பந்தில்லாமல் ஓடுகிறவள்

செப்டெம்பர் 7, ஞாயிறு

எலிவேற்றரில் ஓர் அறிவித்தல் ஒட்டினேன்: 'இன்று முதல் இது குரலுக்கு இயங்கும். மாடி எண்ணைச் சத்தமாகச் சொல்லவும்.' கீழே நிர்வாகத்தின் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல். காலையிலிருந்து டோர்செட் பார்க் வட்டாரத்தில் எங்கள் கட்டடம் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது. அப்பாவும் கத்தியிருக்கிறார். "பதினொண்டு எண்டு தமிழிலயும் சொன்னன், இங்கிலீசிலயும் சொன்னன், அசையேல்ல!" ஃபஸ்னா எட்டாம் மாடிக்காரி. எங்கள் ஃபிளாக் புட்போல் அணியில் கூட ஆடுகிறவள், என் குற்றங்களின் ஒரே சாட்சி. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல்.

மத்தியானம் டிவியில் என்.எஃப்.எல்., அமெரிக்கப் புட்போல், தொடங்கியது. அப்பா எங்கள் சோபாவில், அவரோடு வெயார்ஹவுஸில் வேலைசெய்யும் வின்சன்ற் அங்கிள் அஜக்ஸ் நகரில் தன் சோபாவில், நடுவே ஸ்பீக்கர் போன். "என்ர பிள்ளையும் குவாற்றர்பாக், தெரியுமே?" அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவள் நான் என்பது வின்சன்ற் அங்கிளுக்குப் போன வருடமே மனப்பாடம்.

செப்டெம்பர் 13, சனி

நான் இனிக் குவாற்றர்பாக் இல்லை.

இனி ஃபஸ்னாதானாம். நியாயம்தான். நின்றால் நன்றாக எறிவேன், ஓடினால் நன்றாக ஓடுவேன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பந்து யாருடைய காரிலோ விழும். அவள் ஓடிக்கொண்டே எறிகிறாள். பெரிய ஆட்டக்காரர்களிடமும் இப்போது அதைத்தான் கேட்கிறார்களாம் என்றார் கோச்.

"அப்ப நான் என்ன?" என்றேன். கொஞ்சம் எறிவாய், கொஞ்சம் பிடிப்பாய், கொஞ்சம் ஓடுவாய், அதனால் எல்லா இடத்திலும் வைக்கப்போகிறேன் என்றார். எல்லா இடமும் என்றால் ஓரிடமும் இல்லை என்றுதானே அர்த்தம்?

"வல்லாஹி, நான் கேக்கேல்ல புரோ" என்று சத்தியம் பண்ணினாள் ஃபஸ்னா. தெரியும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் அவர் கலியாண மண்டபத்தில் வீடியோ எடுப்பார். ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. வராதவருக்கு எதற்குச் செய்தி?

செப்டெம்பர் 14, ஞாயிறு

டிவியில் ஓடுவதற்கென்று இருந்த ஒருவன் ஓரத்தில் போய் நின்று பந்து பிடித்தான். தடுப்பதற்கென்று இருந்த ஒரு தடியன் குவாற்றர்பாக் இடத்தில் வந்து நின்று பந்தோடு பாய்ந்தான்.

"உவன் ஏன் உங்க நிக்கிறான்? ஆளுக்கொரு வேலை இருக்கெல்லே!"

"இப்ப அப்பிடித்தான் அப்பா. ஆர் என்ன செய்யப்போயினம் எண்டு மற்றவைக்குத் தெரியக்கூடாது."

"விசர்க் கதை. குவாற்றர்பாக் எண்டால் குவாற்றர்பாக்."

சொல்கிறவர் கிழமை நாளில் ஃபோர்க்லிஃப்ற், சனியில் கமரா, பனி கொட்டினால் மாமாவின் லொறியில் பனி தள்ளுகிறவர்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சிப்ஸ் சாப்பிட்டேன்.

செப்டெம்பர் 27, சனி

என் வேலை இதுதான். பந்தைத் தொடங்குவதற்கு முன் ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு ஓடுவது. எதிரணியில் ஒருத்தி என்னோடு கூடவே வந்தால் ஆளுக்கு ஆள் காவல். ஒருத்தியும் அசையாவிட்டால் இடத்துக்குக் காவல். ஃபஸ்னா அதைப் பார்த்து முடிவெடுப்பாள். சிலவேளை பந்தைத் தருவதுபோல் கையை நீட்டுவாள். வெறும் காற்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நான் பறக்க வேண்டும். எங்கள் ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவளின் இடுப்புப் பட்டியைப் பிடுங்கினால் அவள் நிற்க வேண்டும்; என் பட்டியைப் பிடுங்க யாராவது துரத்தினால் வெற்றி.

இன்று இரண்டு பேர் துரத்தினார்கள். பட்டியைப் பிடுங்கிய பிள்ளையிடம் வெறுங்கையை விரித்துக் காட்டினேன். அவள் முகத்தை எலிவேற்றரில் ஒட்டலாம்.

"இவளைவிடப் பொய்க்காரி கிடைக்காது எண்டு கோச்சிட்ட நான்தான் சொன்னன்" என்கிறாள் ஃபஸ்னா. எலிவேற்றர் கதையையும் சொல்லியிருக்கிறாள். துரோகி.

அக்டோபர் 11, சனி

மூன்று பேர்.

அக்டோபர் 19, ஞாயிறு

வரும் சனி இறுதியாட்டம். அன்றைக்குக் கலியாண ஓடர் இல்லையாம். அப்பா வாறாராம். கலியாணக் கமராவோடு. ஸ்ராண்டோடு! வின்சன்ற் அங்கிளுக்கும் சொல்லியாயிற்று: "குவாற்றர்பாக்கை வடிவா எடுத்து அனுப்புறன்."

ஐயோ. என்ன செய்யிறது இப்ப? அஞ்சு கிழமையா வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். அங்க வந்து பாத்தா ஃபஸ்னா நிப்பாள். ஆக்களுக்கு முன்னால அந்த மனுசன்ர மூஞ்சை எப்பிடிப் போகும்?

ஃபஸ்னாவிடம் சொன்னேன். யோசித்தாள். "முதல் பந்துக்கு நீ என்ர இடத்தில நில். நான் ஓரத்துக்குப் போறன். உங்கட அப்பா எடுத்துக்கொள்ளட்டும். கோச் ஏசினா என்னை ஏசட்டும்."

என் வாழ்க்கையின் மிகச் சிறந்த குளறுபடி. ஓம் என்றேன்.

அக்டோபர் 25, சனி

முதல் பந்து. ஃபஸ்னா கண்ணைக் காட்டினாள். நான் நடுவுக்குப் போக இரண்டு அடி வைத்தேன். எதிரணிக் கோச் அப்போதே கத்தத் தொடங்கியிருந்தார்: ஏழாம் நம்பரைப் பார், ஏழாம் நம்பரை விடாதே! நான்தான் ஏழு. அத்தனை பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏமாறுவதற்கு அவ்வளவு பேர் ஆயத்தமாக நிற்கும்போது, அப்பா ஒருவரை மட்டும் ஏமாற்றுவதா? திரும்பி ஓரத்துக்கே போய்விட்டேன்.

கடைசிப் பந்து, இரண்டு அணிக்கும் சமம். ஃபஸ்னா கையை நீட்டினாள். காற்றை வாங்கிக்கொண்டு ஓடினேன். நான்கு பேர். நான்கு! மைதானத்தின் ஓரக்கோட்டில் பட்டியைப் பிடுங்கினார்கள். மற்றப் பக்கத்தில் ஃபஸ்னா பந்தோடு நடந்தே எல்லைக்கோட்டைத் தாண்டி ரச்டவுன் வைத்தாள். வென்றுவிட்டோம்.

அப்பா கமராவை நிறுத்தினார். ஸ்ராண்டை மடித்தார். காரில் வானொலி.

வீட்டில் கமராவை டிவியில் கொழுவினார். எவ்வளவு வருடம் வீடியோ எடுக்கிறவர், ஒரு தாலிகட்டைக்கூடத் தவறவிடாதவர். அவருடைய படத்தில் ரச்டவுன் இல்லை. நான் ஓடுகிறேன், கமரா என்னோடு ஓடுகிறது, நான் கையை விரிக்கிறேன், எங்கேயோ சனம் கத்துகிறது.

"நீ குவாற்றர்பாக் இல்லையே?"

"இல்லை. செப்டெம்பரிலயிருந்து."

"பின்ன என்ன?"

"தெரியாது அப்பா. அதுக்குப் பேர் இல்லை."

"சொல்லியிருக்கலாமே பிள்ளை."

திருப்பிப் போட்டார். பிறகு இன்னொரு தரம். துரத்துகிறவர்களை விரலால் எண்ணினார். படுக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை. என்.எஃப்.எல். ஸ்பீக்கர் போன். வின்சன்ற் அங்கிள் வீடியோ எங்கே என்று கேட்டார். அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். டிவியில் ஒருவன் ஓரத்திலிருந்து குறுக்கே ஓடத் தொடங்கினான். எதிரணியில் பாதி அவனோடு சரிந்தது.

"வின்சன்ற், அந்தா ஓடுறானே, அவனைப் பார். அதுதான் என்ர பிள்ளையின்ர இடம்."

"ஆர்? அவனிட்டப் பந்து இல்லையே அண்ணை!"

"அவனைத்தான் சொல்லுறன்" என்றார் அப்பா.