மூன்றாம் கம்பெனிக்குப் போகாத காகிதம்

என் தங்கத்துக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அங்கே சுகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதைப் பொய்யாக்காதே. ரெஜிமெண்டின் நூறாவது ஆண்டு மலரில் உன் மூன்றாம் கம்பெனியின் வரலாற்றை நீயே எழுதப்போவதாகவும், பாலத்துச் சண்டையன்று தலைமையகத்திலிருந்து பின்வாங்கும் உத்தரவைக் கொண்டு ஓடியவர் அப்பாதான் என்பதால் அதை வாங்கிய கம்பெனி கேப்டன் அப்போது என்ன சொன்னார் என்று அவரைக் கேட்டு எழுதும்படியும் போட்டிருந்தாய் அல்லவா, அன்றிலிருந்து மனுஷர் பிடி கொடுக்கவில்லை. கேட்கப் போனால் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிறார், ஒரே மின்விசிறியை மூன்று தடவை துடைக்கிறார். கல்யாணமான வாரமே உப்பு டப்பா முதல் கம்பெனி, சர்க்கரை இரண்டாவது, டீத்தூள் மூன்றாவது, காலி டப்பா தலைமையகம், கம்பெனிக்கு மூன்று ஸ்பூன் பிளட்டூன் என்று அடுக்கிவைத்து எனக்குப் பாடம் நடத்தியவர், இப்போது ரெஜிமெண்ட் என்றாலே எழுந்து போனால் எனக்குச் சந்தேகம் வராதா.

நேற்று உன் பழைய ஸ்வெட்டரைத் தேடி அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் நாலாய் மடித்த காகிதம். மூன்றாம் கம்பெனி உடனே பாலத்தை விட்டுப் பின்வாங்கவும் என்று முத்திரையோடு இருந்தது. வாங்கியவர் கையெழுத்து என்ற இடம் காலி. கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். அப்புறம்தான் உண்மை வந்தது. வழியில் ஒரு நாய் துரத்தியதாம், நம் வீரர் மரத்தில் ஏறிவிட்டாராம். துப்பாக்கி எங்கே போயிற்று என்றேன், ஏறும்போது கீழே விழுந்துவிட்டதாம், நாய் அதன்மேலேயே இரண்டு மணி நேரம் படுத்துக்கொண்டதாம். இறங்கிப் போவதற்குள் சண்டை முடிந்து பாலம் நம் கையில். கையெழுத்து வாங்கிய சீட்டு ஆற்றில் விழுந்துவிட்டது என்று தலைமையகத்தில் சொல்லிவிட்டாராம், கேப்டனும் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வாயைத் திறக்கவில்லையாம். பின்வாங்கச் சொல்லியும் பின்வாங்காத கம்பெனி என்று முகாம் வாசலில் கல்வெட்டு வைத்து வருஷா வருஷம் சல்யூட் அடிக்கிறீர்களே, அந்தக் கம்பெனியிடம் பின்வாங்கும்படி யாரும் சொல்லவே இல்லையடி. சின்ன வயதில் நீ நாய்க்குட்டி கேட்டு அழுதபோது முடி பட்டால் இழுப்பு வரும் என்றாரே, அதன் லட்சணமும் இதுதான்.

நான் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினேன், அவர் சிரிக்கவில்லை. அந்தப் பாலத்தில் இரண்டு பேர் செத்தார்கள், இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்திருந்தால் வீடு திரும்பியிருப்பார்கள் என்றார். வருஷா வருஷம் அந்த நாளில் காலையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாரே, பெருமையிலேயே வயிறு நிறைந்துவிட்டதா என்று கேலி செய்திருக்கிறேன், பாவி நான். இனி உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயப்படுகிறார். ஆனாலும் சாயங்காலம் அவரே வந்து, அவளுக்கு எழுது, அந்த இரண்டு வீட்டுக்கும் உண்மை தெரியட்டும், என் பெயரைப் போட்டே எழுதட்டும் என்றார். நாயை மட்டும் விட்டுவிட வேண்டுமாம், எதிரியின் குண்டுமழை என்று போட்டுக்கொள்ளலாமாம். நீ நாயையும் போடு.

வேளைக்குச் சாப்பிடு, ஈர சாக்ஸோடு நிற்காதே. கெட்டியான எலும்போடும் நீண்ட ஆயுளோடும் நன்றாயிரு. அவருக்குத் தனியாக ஒரு வரி எழுது. காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், மூன்றாம் கம்பெனிக்குத் தலைவி இப்போது நீதானே. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்பு, வாசலில் தபால்காரரை எதிர்பார்த்து அப்பா இப்போதே நின்றுகொண்டிருக்கிறார்.

என்றும் உன்,
அம்மா