மச்சத் தாச்சி

மச்சாள்,

நீங்கள் போய் இன்று எட்டாம் நாள், உங்களுடைய எட்டு. படையல் முடிந்து சனம் கலைந்துவிட்டது. முற்றத்தில் இன்னும் வெயில் கிடக்கிறது. குசினி முழுக்க அந்த மணம்தான். தேங்காய்ப்பாலில் அவிந்த மக்கரோனியும் பொரிந்த சொசேஜும். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு இந்த மணம் மூக்கில் ஏறினதுதான் தாமதம், என் முதுகு தானாக வளைந்தது. இரண்டு கையும் வயிற்றைப் பொத்திக்கொண்டன. வயிற்றுக்குள் இப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் கைக்கு அது தெரியவில்லை.

செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைத்தானே எட்டுச் செலவுக்குச் சமைத்துப் படைக்கவேண்டும்? சுருட்டுக்காரருக்குச் சுருட்டு வைக்கிறார்கள். குடிகாரருக்கு அரைப்போத்தல் சாராயம் வைக்கிறார்கள். நான் உங்களுக்கு வடை, மோதகத்தோடு மக்கரோனியும் வைத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உங்கள் பெரியம்மா இலையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தார்.

"என்ன கோதாரியடி இது? சைவக்காரிக்கு ரின் இறைச்சியோ? உனக்கென்ன விசரோ?"

"ஒருநாள் சாப்பிட்டவா, பெரியம்மா. ஆசையாச் சாப்பிட்டவா" என்றேன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. மிச்சத்தை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே இவ்வளவு காலம் இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கதைக்காத கதை.

இந்தக் கொலனிக்கு உங்கள் தம்பி பெண்சாதியாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. காடு வெட்டின புகை இன்னும் அடங்கவில்லை. புருஷனைப் பாம்புக்குப் பறிகொடுத்த நீங்கள், தாயில்லாத தம்பியை வளர்த்து, அவனுக்குக் காணி கிடைத்ததும் கூடவே வந்து குசினியைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். வந்த அன்றைக்கே சட்டம் சொன்னீர்கள். மீன், இறைச்சி காய்ச்சுகிற சட்டி வேறு, அகப்பை வேறு. குசினிக்குள் சைவச் சட்டி மட்டும். மச்சம் காய்ச்சுகிற இரும்புச் சட்டி, அந்த மச்சத் தாச்சி, மாட்டுக்கொட்டில் வளைமரத்தில் தொங்கும். உங்கள் தம்பிக்காக அதில் நான் எது வேண்டுமென்றாலும் காய்ச்சலாம், வெளியே மூன்று கல்லில். நீங்கள் அந்தத் தாச்சியைத் தொட்டதே இல்லை. மழையில் நனைந்து கிடந்தாலும் காலால்கூடத் தள்ள மாட்டீர்கள்.

ஒருதரம் மீன் கிண்டின அகப்பையை மறந்துபோய் உங்கள் பருப்புச் சட்டிக்குள் போட்டுவிட்டேன். அந்த அகப்பையாலேயே என் முழங்கையில் போட்டீர்கள். நான் உங்கள் கொண்டையைப் பிடித்துவிட்டேன். இரண்டு பேரும் அடுப்படிச் சாம்பலில் உருண்டோம், பக்கத்து வளவுக்காரி வந்து தண்ணீர் ஊற்றித்தான் பிரித்தாள். அதெல்லாம் சண்டை, மச்சாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வரும். உங்கள் முன்பல்லில் என் காப்பு பட்டுத் தெறித்த துண்டு கடைசிவரை அப்படியேதானே இருந்தது.

உங்கள் தம்பியின் கை வேறு கை.

முதல் பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். சோறு ஆறிப்போச்சாம். அதற்குத்தான். நிலத்தில் விழுத்தி, குதிக்காலால் வயிற்றில் உதைத்தார். "மச்சாள்! மச்சாள்! மச்சாள்!" என்று மூன்று தரம் குளறினேன். நீங்கள் குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தீர்கள். திருவலைச் சத்தம் நின்றது. வருகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு அது திரும்பத் தொடங்கியது. கிறீச், கிறீச், கிறீச் என்று. அவர் களைத்து நிறுத்தினபோதும் நீங்கள் திருவிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

விடிய, துணியில் சுற்றினதை நீங்கள்தான் கொண்டுபோய் வேலிக்கரை முதிரை மரத்தடியில் குழி தோண்டித் தாட்டீர்கள். வந்து எனக்குப் பேணியில் மல்லித் தண்ணீர் தந்தீர்கள். அதைச் சுடச்சுட உங்கள் முகத்தில் வீசினேன். நீங்கள் முந்தானையால் துடைத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் உங்களோடு நான் கதைக்கவில்லை.

இரண்டாவது பிள்ளை தங்கினபோது எனக்கு ஒன்றும் வயிற்றில் நிற்காது. சோற்றைக் கண்டாலே சத்தி. குளத்தடி இஞ்சினியர் பங்களாவுக்குப் பால் கொண்டுபோவேன் அல்லவா, அங்கேதான் ஒருநாள் அந்த மணத்தைப் பிடித்தேன். இஞ்சினியரின் பெண்சாதி, பறங்கி நோனா, ஒரே தாச்சியில் முழுச் சாப்பாட்டையும் செய்துகொண்டிருந்தார். முதலில் சொசேஜை வட்டம் வட்டமாக வெட்டிப் பொரித்தார். அது விட்ட எண்ணெயிலேயே வெங்காயம். அதன்மேல் மக்கரோனியைப் பச்சையாகவே கொட்டித் தண்ணீர் விட்டார். மக்கரோனி தண்ணீரைக் குடித்து வீங்கினதும் ரின் பாலும் வெண்ணெயும். வடிக்கவும் இல்லை, இறக்கி ஏற்றவும் இல்லை. "எவ்வளவு லேசு!" என்று நின்று பார்த்தேன். ஒரு கரண்டி தந்தார். அது வயிற்றில் நின்றது. ஒரு கிழமைக்குப் பிறகு முதன்முதலாக நின்ற சாப்பாடு அதுதான், மச்சாள். பங்களாப் படியில் இருந்து அழுதேன்.

அவர்கள் மாற்றலாகிக் கொழும்புக்குப் போன அன்று நோனா என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கெற் மக்கரோனியும் ஒரு ரின் சொசேஜும் தந்தார். ரின் திறக்கிற சாமான் எங்களிடம் இராது என்று தானே திறந்தும் தந்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை. அந்த வெக்கையில் திறந்த ரின் விடியும்வரை இருக்காது. அன்றைக்கே காய்ச்ச நினைத்தேன், அதுதான் நான் செய்த பிழை. பிழை என்று நீங்கள் எல்லோரும் சொன்னது.

நீங்கள் தோய்ந்துவிட்டு ஈரத் தலையோடு குசினி வாசலில் நின்றீர்கள். ரின்னைக் கண்டதும் மூக்கைப் பொத்தினீர்கள்.

"மாடோ?"

"பண்டியாம்."

"வெள்ளிக்கிழமையில உந்தக் கண்டறியாத இழவை இஞ்சை கொண்டு வராதை. அங்கால போ."

போனேன். கொட்டில் வளையிலிருந்து மச்சத் தாச்சியைக் கழற்றி, மூன்று கல் வைத்து, நோனா செய்த மாதிரியே செய்தேன். ரின் பாலுக்குப் பதில் தேங்காயின் முதல் பால் விட்டேன். இரண்டு பச்சை மிளகாயும் கீறிப் போட்டேன். பால் இறுகிக் குமிழி விட்டு வெடித்தது. கரண்டியைத் தூக்கி வாயருகே கொண்டுபோகிறேன், படலை திறந்தது.

உங்கள் தம்பி கள்ளுத் தவறணையிலிருந்து வருகிறார். கடைவாயில் வாட்டின பண்டி இறைச்சியின் கொழுப்பு இன்னும் காயவில்லை.

"வெள்ளிக்கிழமை வீட்டில மச்சம் காய்ச்சிறியோடி, மூதேசி?"

அவர் வாய்க்குள் போனது எந்தக் கிழமைப் பண்டியோ!

முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவதில் தோடு அறுந்து மண்ணில் விழுந்தது. மயிரைப் பிடித்து இழுத்து நிலத்தில் சாய்த்தார். நான் சுருண்டு வயிற்றை உள்ளே வைத்துப் பொத்திக்கொண்டேன். முதுகில் உதைத்தார். இடுப்பில் உதைத்தார். வாய்க்குள் மண்ணும் இரத்தமும். "திரும்பிப் படடி" என்றார். ஏன் திரும்பச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பவில்லை. தோளில் காலை வைத்துப் புரட்டினார்.

இந்தமுறை நான் உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன கண்டேன்?

குசினிக்குள் திருவலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது. இனித் திரும்பத் தொடங்கும், தொடங்கும் என்று நிலத்தில் கிடந்தபடியே காத்திருந்தேன். அது தொடங்கவில்லை.

உங்கள் கால்களைத்தான் முதலில் கண்டேன். பிறகு ஈர வெள்ளைச் சேலை. நெற்றி நிறையத் திருநீறு. நேரே அடுப்படிக்குப் போய்க் குனிந்தீர்கள். வெறும் கையால், கொதிக்கிற அந்த இரும்புத் தாச்சியை இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கினீர்கள். கை பொசுங்கின சத்தம் எனக்குக் கேட்டது. உங்கள் தம்பியின் தலையில் போட்டீர்கள்.

விளிம்பு காதில் இறங்கியது. மக்கரோனி கழுத்திலும் தோளிலும் அப்பிக்கொண்டது. தண்ணீர் என்றால் வழிந்து போயிருக்கும். இது பாலில் இறுகினது, ஒட்டிப் பிடித்துக்கொண்டு வேகவைத்தது. அவர் மாடு மாதிரிக் கதறிக்கொண்டு விழுந்தார். நீங்கள் விடவில்லை. தாச்சியைத் திருப்பிப் பிடித்து முழங்காலில் போட்டீர்கள். திரும்பவும் போட்டீர்கள்.

"இந்தக் கால்தானே? அண்டைக்கும் இந்தக் கால்தானே? நாசமறுப்பான், இந்தக் காலுக்குத்தானேடா நான் நடை பழக்கினனான்!"

எலும்பு முறிந்தது. அது எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏன் பொய் சொல்லவேண்டும்? அவ்வளவு நோவிலும் சந்தோசமாகத்தான் இருந்தது.

அயல் ஓடி வந்தது. "அடுப்படியில தடக்கித் தாச்சியோட விழுந்திட்டான்" என்றீர்கள். தடக்கி விழுந்தவனுக்கு இரண்டு முழங்காலடியும் காதடியும் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டிலில் போட்டுக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சனம் போன பிறகு முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும்தான். நடுவில் தாச்சி. அடியில் பிடித்துக்கொண்டிருந்தது கால்வாசி இருக்கும். நீங்கள் மண்ணில் குந்தியிருந்து உங்கள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தோல் உரிந்து தாச்சிக் காதிலேயே ஒட்டிப் போயிருந்தது.

"பிள்ளை கிடக்கோ?" என்று கேட்டீர்கள்.

வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. "தெரியேல்லை" என்றேன். "அப்ப சாப்பிடு" என்றீர்கள்.

சுரண்டி ஒரு வாய் சாப்பிட்டேன். நின்றது. பிறகு நீங்கள் வாயைத் திறந்துகொண்டு இருந்தீர்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மச்சாள், இது பண்டி. இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"தாச்சியைத் தொட்டாச்சு. இனியென்ன? தா."

உங்கள் கையால் பிடிக்க ஏலாது, நான்தான் வாயில் தீத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றீர்கள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, வாய் நிற்கவில்லை. அரைவாசியை நீங்கள்தான் தின்றீர்கள். முடிந்ததும், "நல்லாத்தான் கிடக்கு. உப்புக் குறைவு" என்றீர்கள். நான் இரத்தம் காய்ந்த வாயால் சிரித்தேன். அது வலித்தது.

பத்து நாளைக்குப் பிறகு பிள்ளை அசைந்தது.

அவர் சுருங்கின காதோடும் நொண்டின காலோடும் திரும்பி வந்தார். நீங்கள் மச்சத் தாச்சியைக் கொட்டிலுக்குத் திருப்பி அனுப்பவில்லை. உங்கள் சைவச் சட்டிகளுக்குப் பக்கத்தில், குசினிக்குள்ளேயே ஆணி அடித்துத் தொங்கவிட்டீர்கள். மச்சம் நீங்கள் அதற்குப் பிறகு தொடவேயில்லை. ஆனால் தாச்சி அங்கேயே இருந்தது. அவர் எப்போதெல்லாம் கையை ஓங்கினாரோ, அப்போதெல்லாம் குசினிக்குள்ளிருந்து நீங்கள் கரண்டியால் அதில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். டங், டங். ஓங்கின கை காதைத் தடவிக்கொண்டு இறங்கும். மகள் பிறந்து வளர்ந்தது அந்தச் சத்தத்தில்தான். அவளுக்குக் கதை தெரியாது. நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நெருப்புக் காய்ச்சல் உங்களை எட்டே நாளில் கொண்டுபோய்விட்டது. உங்களை எரித்துச் சாம்பல் ஆறவில்லை, அவருடைய குரல் உயர்ந்துவிட்டது. நேற்று முற்றத்தில் வைத்துக் கேட்டார், "இனி ஆரடி இருக்கினம் உனக்கு?" என்று.

அதனால்தான் மக்கரோனியும் சொசேஜும் யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்தேன். உங்கள் ஆசைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அவருக்கு அந்த மணம் தெரியவேண்டும் என்றும்தான்.

தெரிந்தது. படையலுக்கு முன்னால் வந்து நின்றவர், காலையிலேயே ஊற்றியிருந்தார். இலையைப் பார்த்தார். முகம் கறுத்தது. பெரியம்மா, அயல் எல்லாம் இருக்கத்தக்கதாக, "ஆரைப் பகிடி பண்ணுறாய்?" என்று கையை ஓங்கினார். நான் அவருக்கு முன்னால் வெறும் கையோடு நின்றேன். குசினி எனக்கு எட்டாத் தூரம்.

டங், டங்.

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு கணம் நீங்கள்தான் என்று நினைத்தேன். அவரும் நினைத்திருக்கவேண்டும், ஓங்கின கை காதுக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். குசினி வாசலில் மகள் நின்றாள். அடுப்பிலிருந்த தாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், ஆவி பறக்க. ஒரு கையில் கரண்டி. நீங்கள் வெறும் கையால் பிடித்தீர்கள். அவள் துணி சுற்றிப் பிடித்திருந்தாள்.

அவர் படலையைத் திறந்துகொண்டு போனார்.

மச்சாள், முதல் தரம் நீங்கள் வரவில்லை. முதிரையடியைக் கடக்கும்போதெல்லாம் அந்தத் திருவலைச் சத்தம் என் காதுக்குள் கேட்கிறது. அதற்கு உங்களை நான் மன்னிக்கவில்லை. இனியும் மாட்டேன். இரண்டாம் தரம் வந்தீர்கள். அதற்கு ஒரு நல்ல சொல் உங்களுக்கு நான் சொன்னதில்லை. ஒன்றுக்கு ஒன்று சரி என்று எனக்குச் சொல்ல வராது. இரண்டும் என்னோடுதான் இருக்கின்றன, தாச்சிக் காதில் ஒட்டின உங்கள் தோல் மாதிரி.

பின்னேரம் அவளை முற்றத்தில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். தாச்சியை எடுத்துக்கொண்டு போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, உங்கள் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். "மாமிக்கு உண்மையா அது பிடிச்சதோ, அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஓம் என்றேன். இந்தமுறை உப்பும் அளவாகப் போட்டிருந்தேன், மச்சாள்.